நன்றிக்கு வந்த நாற்காலிகள்

டயர் கடையின் மாடியில் இருந்த அந்தச் சபைக்கு முதல் தடவை வருகிறவர்கள், படியேறி உள்ளே கால் வைத்ததும் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சற்று முழிப்பார்கள். ஏலத்துக்குச் சாமான் குவித்த கிடங்கு மாதிரி இருக்கும். ஒரு நாற்காலியைப் போல இன்னொன்று இருக்காது. பிரம்பு, இரும்பு, தேக்கு, பிளாஸ்டிக் எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். நடுவரிசையில் இரண்டு பேர் உட்காரும் ஒரு லாரி சீட், மரச்சட்டத்தில் போல்ட் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஜன்னலோரம் ஒரு சலூன் நாற்காலி, தலைக்குச் சாய்மானமும் காலுக்குப் படியுமாக, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் போதகர் ஆரம்பித்து வைத்த வேலை. சபை தொடங்கிய புதிதில் அங்கே இருந்தவை நாலே பெஞ்சுகள். அதிலும் ஒன்று, இந்த ஓரத்தில் ஆள் உட்கார்ந்தால் அந்த ஓரம் எழுந்து நிற்கும் ரகம். அந்தச் சமயத்தில்தான் போதகருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு வந்து குரல் போயிற்று. பேச்சை வைத்துப் பிழைக்கிறவருக்குக் குரல் போவது, மளிகைக் கடைக்காரருக்குத் தராசு தொலைவது மாதிரி. மாதக்கணக்கில் சைகையிலேயே குடித்தனம் நடத்தினார். வீடு நிம்மதியாக இருந்தது அந்த மாதங்களில் மட்டும்தான் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வதுண்டு. குரல் திரும்பிய வாரம், வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியை, கைப்பிடியில் சிங்கமுகம் செதுக்கியதை, தோளில் தூக்கி மாடியேற்றி மேடையில் போட்டார்.

"கடவுள் எனக்கு நல்லது செஞ்சாரு. வாயால நன்றி சொன்னா காத்தோட போயிடும். நாலு பேர் உக்காரட்டும்னு இதைக் கொண்டு வந்தேன்," என்றார்.

அன்றைக்குப் பற்றிக்கொண்டது. லாரி பள்ளத்தில் கவிழ்ந்தும் கீறல் இல்லாமல் தப்பித்த டிரைவர், அந்த லாரியின் சீட்டையே கழற்றிக் கொண்டு வந்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் சபையில் பாதி மேலேயும் பாதி கீழேயுமாக நின்றது தனிக் கதை. கை நடுக்கம் தீர்ந்து மறுபடி கத்தி பிடித்த சலூன்காரர் தன் பழைய நாற்காலியை இறக்கினார். பேச்சை முறித்துக்கொண்டு போயிருந்த கடைசி மகன் வருஷங்கள் கழித்து வீட்டுக் கதவைத் தட்டியதற்காக, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், எழுதுவதற்குக் கைப்பலகை வைத்த நாற்காலியைக் கொடுத்தார். ஒரு மாமியாரும் மருமகளும் தங்கள் சண்டை ஓய்ந்ததற்கு நன்றியாக இரட்டை சோபா வாங்கிப் போட்டார்கள். சோபா வந்த மறுவாரமே சண்டை திரும்பிவிட்டது. சோபா மட்டும் திரும்பிப் போகவில்லை. இன்றும் இருவரும் அதில்தான் உட்காருகிறார்கள், நடுவில் கைப்பையை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு.

மேடையிலிருந்து அந்த நாற்காலிகளைப் பார்க்கும்போதெல்லாம் போதகருக்கு நெஞ்சு விம்மும். வேறு சபைகளில் சுவரில் வசனம் எழுதி வைத்திருப்பார்கள். இங்கே நன்றியின் மேலேயே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியூர்ப் போதகர்கள் யாராவது வந்தால், வீட்டில் காப்பி கொடுப்பதற்கு முன்னால் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவார்.

சபையிலேயே நாற்காலி கொடுக்காத ஆள் ஒருவர்தான். வேடிக்கை என்னவென்றால், அவர்தான் நாற்காலிக் கடைக்காரர். பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவர். எதைப் பேசினாலும், அது கல்யாணமாக இருந்தாலும் காய்ச்சலாக இருந்தாலும், "சரி, கடைசி விலை சொல்லுங்க," என்று முடிப்பதால் அவருக்குப் பெயரே 'கடைசி விலை' என்று ஆகிவிட்டது. சபையில் இருக்கும் நாற்காலிகளில் பாதி அவர் கடையிலிருந்து வந்தவை. அவர் மட்டும் ஆராதனை முழுக்கப் பின்சுவரில் சாய்ந்து நிற்பார்.

"உக்கார வேண்டியதுதானே?" என்று போதகர் ஒருநாள் கேட்டதற்கு, "கஸ்டமர் இருக்கறப்ப கடைக்காரன் உக்காந்தா வியாபாரம் விளங்குமா பாஸ்டர்?" என்றார். கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு மரியாதையான காரணத்தைப் போதகர் அதற்கு முன் கேட்டதில்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

முதல் பாட்டு நடக்கும்போது ஒரு பெண் படியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, காலில் நர்ஸுகள் போடும் வெள்ளைச் செருப்பு. வந்த வேகத்தில் பக்கத்தில் காலியாக இருந்த லாரி சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகத்தில் பரவிய நிம்மதியைப் போதகர் மேடையிலிருந்தே பார்த்தார். டிரைவர் பாட்டுப் புத்தகத்தோடு வந்து, குனிந்து, மிகவும் அன்பாக ஏதோ சொன்னார். அவள் எழுந்தாள். சோபாவில் இடம் இருந்தது. கைப்பைக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள். மாமியாரும் மருமகளும், அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக, சிரித்த முகத்தோடு தலையாட்டினார்கள். அங்கிருந்து ஒரு பிரம்பு நாற்காலி, அங்கிருந்து ஒரு முக்காலி, அங்கிருந்து கைப்பலகை நாற்காலி. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் இனிமையாகக் குனிந்தார், அவள் எழுந்தாள்.

அன்றைய பிரசங்கம் தாராள மனதைப் பற்றி. போதகர் வாய் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, கண் அவள் பின்னாலேயே சுற்றியது. கடைசியில் அவள் வாசல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். கால் மாற்றிக் கால் ஊன்றிப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள். 'கேட்கிறவனுக்குக் கொடு' என்ற இடத்தில் போதகரின் பேச்சு பாதியில் நின்றது. குரல் மறுபடி போகிறதோ என்று அவர் மனைவி பயந்தாள், கொஞ்சம் நம்பிக்கையோடும் பார்த்தாள்.

வாரத்தில் ஒருநாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது போதகரின் வழக்கம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில், குழந்தைகள் வார்டு வாசலில், அந்த வெள்ளைச் செருப்பை அவர் அடையாளம் கண்டுகொண்டார். தயங்கித் தயங்கிப் போய்த் தன்னை யாரென்று சொன்னார்.

"தெரியுது பாஸ்டர்," என்றாள் நர்ஸ். "மேடையில நின்னு என்னையே பாத்துட்டு இருந்தீங்களே. ஆனா ஒண்ணு, உங்க சபை ரொம்ப அன்பான சபை. அத்தனை பேர் என்கிட்ட அன்பா பேசினாங்க. அத்தனை பேரும் 'எந்திரிங்க'ன்னுதான் அன்பா பேசினாங்க."

போதகருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "மன்னிக்கணும் சிஸ்டர். அதெல்லாம் நன்றியா குடுத்த நாற்காலிங்க. அதான் கொஞ்சம் பாசமா..."

"நானும் நன்றி சொல்லத்தான் வந்தேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஊசி போடும்போது பேச்சுக் கொடுப்பது போலவே பேசினாள். "முந்தின ராத்திரி ஒரு குழந்தையைக் கொண்டு வந்தாங்க. மூச்சே இல்ல. விடியறதுக்குள்ள அழ ஆரம்பிச்சிடுச்சு. யாருக்காவது நன்றி சொல்லணும் போல இருந்துச்சு. டாக்டருக்குச் சொன்னா, டியூட்டிதானேம்மான்னுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. வீட்டுக்குப் போற வழியில உங்க பாட்டு கேட்டுச்சு, ஏறி வந்தேன். ராத்திரி பூரா நின்ன காலு பாஸ்டர். சாமிகிட்ட கூட நின்னுக்கிட்டே பேசணும்னா எப்படி?"

"அடுத்த வாரம் வாங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் யோசித்தாள். கையிலிருந்த தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை தரேன். வருவேன், உக்காருவேன். ஆராதனை முடியற வரைக்கும் என்னை யாரும் எழுப்பக் கூடாது. எழுப்பினாங்கன்னா அதோட சரி. உங்க சபைன்னு இல்ல, எந்தச் சபை படியும் மிதிக்க மாட்டேன். அப்புறம், எனக்குன்னு தனியா ஒரு சீட்டைப் போட்டு வெக்கற வேலை வேண்டாம். நான் வரப்போறேன்னு யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். சும்மா வழியில போறவளா வந்து உக்காரணும். அப்பதான் உங்க சபை என்ன சபைன்னு தெரியும்."

போதகர் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில்தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது அவருக்கு உறைத்தது.

முதலில் சபையின் பெரியவர்களைக் கூட்டினார். நர்ஸ் பேச்சை எடுக்காமல், பொதுவாக, கொடுத்த பொருளின் மேல் உரிமை கொண்டாடுவது சரியா என்று கேட்டார். சரியே இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்தக் கெட்ட பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும் என்றார் டிரைவர். தலைமை ஆசிரியை இதற்கு வருஷக்கணக்கில் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து போகும்போது டிரைவர் தன் சீட்டில் ஒட்டியிருந்த தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுப் போனார்.

வேறு வழி தெரியாமல் போதகர் 'கடைசி விலை'யின் கடைக்குப் போனார். பாலீஷ் வாசனையும் மரத்தூளுமாக இருந்த அந்த நீளக் கடையில், கால் போன மேஜைகளுக்கும் கண்ணாடி போன அலமாரிகளுக்கும் நடுவில் அவர் ஒரு கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாற்காலி வேணும்," என்றார் போதகர். "விருந்தாளி நாற்காலின்னு போட்டுடலாம்னு பாக்கறேன். யாருக்குன்னு சொல்லல, பொதுவாத்தான்."

"விக்க மாட்டேன்."

வியாபாரியின் வாயில் அந்த வார்த்தை வந்ததைப் போதகர் நம்பவில்லை. கடைக்காரர் எழுந்து, இருந்ததிலேயே நல்ல ஸ்டூலைத் துடைத்து அவருக்குப் போட்டு, நடந்ததை எல்லாம் கேட்டு வாங்கினார். வாடிக்கையாளர் மனதில் இருக்கும் தொகையைக் கறந்து பழகியவருக்கு, யாரிடமும் சொல்லக் கூடாதென்ற நர்ஸின் விஷயத்தைக் கறப்பது பெரிய வேலையாக இல்லை.

"இன்னொரு நாற்காலி போட்டா என்ன ஆகும் தெரியுமா பாஸ்டர்? அது நர்ஸம்மா நாற்காலின்னு ஆயிடும். அடுத்த வருஷம் அந்தம்மாவே ஒரு ஆளை அன்பா எழுப்பி விடும். வியாதிக்கு மருந்து கேட்டா வியாதியிலயே இன்னொரு டோஸ் போடறீங்க."

"நம்ம ஜனங்க நல்லவங்கதானே? குடுக்கற மனசு இருக்கே?"

"யாரு இல்லன்னா? தங்கமான ஆளுங்க. அந்த டிரைவர் சீட்டுக்கு நான் நல்ல விலை கேட்டேன், காசுக்கு ஆசைப்படாம கொண்டு வந்து போட்டாரு. குடுத்தாங்க, ஆனா டெலிவரி இன்னும் ஆகல. அவ்வளவுதான்." கீலை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க தொழில்ல, வித்த சாமானை வாங்கினவன் தலைகீழா நிறுத்தினாலும் நாங்க வாய் திறக்கக் கூடாது. விக்காத சாமானைத்தான் தினம் தூசி தட்டுவோம். வாரா வாரம் வந்ததும் அவங்கவங்க நாற்காலியை அவங்கவங்க துடைக்கறாங்களா இல்லையா? அப்ப அது இன்னும் அவங்க ஷோரூம்லதான் இருக்கு."

போதகருக்குச் சிரிப்பு வந்தது. தன் சிங்கமுக நாற்காலியை யார் துடைக்கிறார்கள் என்று யோசித்தார். அவரேதான். ஒவ்வொரு சனிக்கிழமையும், தனித் துணி வைத்து.

"பிரசங்கத்துல சொல்லிடவா?"

"மூச்சு விடாதீங்க. உன்னுதை விட்டுக் குடுன்னு நீங்க சொன்னா, அது அவனுதுதான்னு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி. அவன் வாயிலயே என்னுது இல்லன்னு வரணும். அறிவிப்பு நேரத்துல எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க."

"பத்து நிமிஷம் எடுத்துக்கங்க."

கடைக்காரர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இப்படிப் பேரம் பேசற ஆளை வெச்சுக்கிட்டு கடவுள் எப்படித்தான் கடை நடத்தறாரோ."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் வெள்ளைச் செருப்பு படியேறியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. முதலில் கண்ணில் பட்ட காலி நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அது கைப்பலகை நாற்காலி. போதகருக்குப் பாட்டின் அடுத்த வரி மறந்துபோனது. சபையிலேயே விட்டுக்கொடுக்காத நாற்காலி எது என்று கேட்டால், லாரி சீட்டை எல்லாம் அப்புறம்தான் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியை நேரம் தவறுகிறவர் இல்லை. அன்றைக்கு என்னவோ பஸ் தாமதம்.

பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். போதகர் அறிவிப்புகளுக்கு வாய் திறந்தபோது வாசலில் ஆசிரியை தெரிந்தார். குடையை மடக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தன் நாற்காலியைப் பார்த்தார். அதில் ஆள் இருப்பதைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடம் நடத்திய நடையில், வரிசைகளுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார். நர்ஸ் நிமிர்ந்தாள். பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள். எழுந்திருக்கத் தயாராகிவிட்டாள் என்பது போதகருக்குப் புரிந்தது.

"டீச்சரம்மா, ஒரு நிமிஷம்."

பின்சுவரிலிருந்து 'கடைசி விலை' வந்து நடைபாதையில் நின்றார். நர்ஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாஸ்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் வரேன். ஒரு ஓட்டல்காரர் பழைய நாற்காலி கேக்கறாரு. ஒண்ணைப் போல ஒண்ணு இருக்கக் கூடாதாம், அதுதான் இப்ப நாகரிகமாம். உங்க கைப்பலகை நாற்காலிக்கு என்ன விலை சொல்றீங்க?"

சபையில் ஒரு சலசலப்பு ஓடியது. ஆசிரியையின் புருவம் ஏறியது.

"ஆராதனை நடக்கற இடத்துல வியாபாரமா?"

"அஞ்சே நிமிஷம். விலை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

"அது விக்கறதுக்கு இல்ல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. கடைசி விலை சொல்லுங்க."

"விலையா? கடவுளுக்குக் குடுத்ததுக்கு நான் எப்படிய்யா விலை சொல்றது? என்னுதா இருந்தாதானே விக்கலாம்?"

"அப்ப உங்களுது இல்ல?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் எந்தக் காலத்துல பேச்சு மாறினேன்? என்னுது இல்ல, இல்ல, இல்ல. போதுமா?" என்றார் ஆசிரியை, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். நர்ஸ் பை வாரைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு டிரைவரிடம் போனார். "அண்ணே, நீங்களாவது குடுங்க. லாரி சீட்டுன்னா ஓட்டல்காரர் கண்ணை மூடிட்டு வாங்கிப்பாரு. போன தடவை கேட்டதுக்கு ரெண்டு மடங்கு."

"உசிரு பொழச்ச சீட்டு அது."

"அதுக்கும் சேத்துத்தான் ரெண்டு மடங்கு."

"மூணு மடங்கு குடுத்தாலும் நான் யாரு விக்கறதுக்கு? குடுத்தாச்சு. குடுத்தது குடுத்ததுதான்."

"உங்களுக்கு அதுல பாத்தியதை இல்ல?"

"ஒரு ஸ்க்ரூ கூட என்னுது இல்ல," என்றார் டிரைவர். ஆசிரியைக்குக் குறைந்து போய்விடக் கூடாதே என்று எழுந்து நின்றே சொன்னார்.

அதற்குப் பிறகு சபைக்குச் சூடு பிடித்துவிட்டது. யாருடைய நாற்காலி யாருடையதே இல்லை என்பதில் ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். மாமியார் சோபா தன்னுடையது இல்லை என்றாள். மருமகள் அது அத்தையுடையதும் இல்லை, தன்னுடையதும் இல்லை என்றாள். "இந்த விஷயத்துல என் மருமக சொல்றதுதான் சரி," என்று மாமியார் சொன்னபோது சபையில் சிலர் கடவுளை நினைத்துக்கொண்டார்கள். சலூன்காரர், கேட்பதற்கு முன்னாலேயே, தன் பெயரை அந்த நாற்காலியோடு சேர்த்துப் பேசவே கூடாது என்றார்.

கடைக்காரர் சுற்றி முடித்து மேடைக்கு முன்னால் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸ்டர், அந்தச் சிங்க நாற்காலிக்கு என்ன விலை?"

இதைப் போதகர் எதிர்பார்க்கவில்லை. 'அது என்...' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு பேர் உட்காரட்டும் என்று சொல்லித் தோளில் தூக்கி வந்த நாற்காலி. அந்த நாலு பேரில் முதல் ஆளாக அவர் உட்கார்ந்தார். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. டிரைவரும் டீச்சரும் யாரைப் பார்த்து இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்பது, சபை முழுக்க எதிரே உட்கார்ந்திருக்க, அவருக்கு அந்த இடத்தில் விளங்கியது.

"அதுவும் என்னுது இல்ல," என்றார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஆனதால், "ஆனா அது இப்பதான் எனக்கே தெரிஞ்சுது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடைக்காரர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "ஓட்டல்காரருக்கு நஷ்டம்தான். இத்தனை நாற்காலி இருக்கு, ஒண்ணுக்குக் கூட சொந்தக்காரர் இல்ல. இந்த மாதிரி இடத்தை என் சர்வீஸ்ல பாத்ததில்ல." ஒரு நொடி நிறுத்தினார். "யாரு எங்க வேணா உக்காரலாம் போலிருக்கே."

முதலில் சிரித்தது டிரைவர். அகப்பட்டுக்கொண்ட ஆளின் சிரிப்பு. அது வரிசை வரிசையாகப் பரவி, பின்னால் போய், அமைதியாக அடங்கியது. போன தடவை யாரை எழுப்பினோம் என்பது அவரவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. யாரும் நர்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அவர்களுக்கு நாகரிகம் இருந்தது.

ஆசிரியை மட்டும் குடையோடு நின்றுகொண்டிருந்தார். சலூன்காரர் எழுந்து, "டீச்சரம்மா, இங்க வாங்க. சாஞ்சுக்கலாம்," என்றார். ஆசிரியை கம்பீரமாகப் போய் அந்தச் சலூன் நாற்காலியில் ஏறி அமர்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. சலூன்காரர் தொழில் பழக்கத்தில் பின்னால் நின்று கழுத்தில் துணி கட்டப் போனவர், நல்லவேளை, நடுவிலேயே சுதாரித்துக்கொண்டார். அவர் சோபாவில் உட்காரப் போக, மாமியாரும் மருமகளும் கைப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். டிரைவர் லாரி சீட்டை ஒரு வயசாளிக்குக் காட்டிவிட்டு முக்காலிக்குப் போனார். கொஞ்ச நேரத்துக்கு மாடி முழுக்க, பஸ் நிலையம் மாதிரி ஆட்கள் இடம் மாறினார்கள். அசையாமல் இருந்தவள் ஒருத்திதான்.

போதகர் மேடையை விட்டு இறங்கி, கடைக்காரரின் கையைப் பிடித்து ஏற்றிச் சிங்கமுக நாற்காலியில் உட்கார வைத்தார். "கஸ்டமர் எல்லாரும் உக்காந்தாச்சு," என்றார்.

பிரசங்கத்தை அன்றைக்கு அவர் கீழே நின்றே பேசினார். பேச ஆரம்பித்துச் சிறிது நேரத்திலேயே நர்ஸின் தலை மெல்லச் சாய்ந்தது. கைப்பலகையின் மேல் கையை மடித்து, கையின் மேல் கன்னத்தை வைத்து, கடைசி பெஞ்சுப் பிள்ளை மாதிரி தூங்கிப் போனாள்.

போதகர் குரலைத் தணித்தார். இன்னும் தணித்தார். சபையே முன்னுக்குச் சாய்ந்து கேட்டது. அவருடைய பிரசங்கத்தை அவ்வளவு கூர்ந்து அவர்கள் கேட்டது அதற்கு முன் நடந்ததில்லை. கடைசிப் பாட்டை விட்டுவிட்டார்கள். மீதி இருந்தது ஆசீர்வாதம் ஒன்றுதான். ஆசீர்வாதம் சொன்னால் ஆமென் வரும். அந்தச் சபையின் ஆமென் கீழே டயர் கடை ஷட்டரை அதிர வைக்கும்.

முடியும்வரை எழுப்பக் கூடாது என்பதுதானே பேச்சு. போதகர் கையைத் தூக்கினார், அவளைப் பார்த்தார், கையை இறக்கிவிட்டார். "முடிக்க வேண்டாம்," என்றார், உதடு மட்டும் அசைய. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. போய்விட்டு வரவா என்றும் கேட்கவில்லை. வீட்டில் உலை வைக்காமல் வந்தவர்களும், மத்தியான பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்களும், அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே, அடுத்தவருடைய நாற்காலியில், உட்கார்ந்திருந்தார்கள்.

போதகர் வயசாளிக்குப் பக்கத்தில், லாரி சீட்டின் மறுபாதியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இடுப்பில் ஒரு ஸ்பிரிங் குத்தியது. நகர்ந்தார், அங்கேயும் குத்தியது. இத்தனை வருஷமும் டிரைவர் இதன் மேல் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். விபத்தில் உடைந்த ஸ்பிரிங்காகத்தான் இருக்க வேண்டும். வேண்டுமென்றே மாற்றாமல் விட்டிருப்பார். மேடையிலிருந்து பார்த்து இந்த நன்றியை அளந்துகொண்டிருந்தோமே என்று போதகருக்குக் கூச்சமாக இருந்தது. இவர்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று ஒரு வாரம் முழுக்கக் கவலைப்பட்டவர், இப்போது பசியோடு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்த அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பிரசங்கமும் இவர்களை இப்படி உட்கார வைத்திருக்காது. யாரோ தூங்க வேண்டும், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எங்கோ யாரோ இருமப் போனார். சலூன் நாற்காலியிலிருந்து ஆசிரியை ஒரு பார்வை பார்த்தார், இருமல் உள்ளேயே போய்விட்டது. வகுப்பில் தூங்கின ஆளை எழுப்பாமல் விட்டது அவருக்கு இதுதான் முதல் தடவை. போதகர் பக்கம் குனிந்து, "என் கடைசிப் பையனும் அந்தப் பலகையில இப்படித்தான் தூங்குவான்," என்று கிசுகிசுத்தார். "பாக்க நல்லாத்தான் இருக்கு."

மேடையிலிருந்து கடைக்காரர் விரலால் போதகரைக் கூப்பிட்டார். போதகர் பூனை நடை நடந்து போனார்.

"பாஸ்டர், இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. அடியில ஏதோ மடிச்சு வெச்சிருக்கு."

"பழைய பிரசங்கம்."

"அப்படியா? நல்லாத் தாங்குதே," என்றார் கடைக்காரர், சுவரை விட்டு வந்து முதல் தடவையாகக் காலை நீட்டிக்கொண்டு.

வெயில் ஜன்னல் விட்டு ஜன்னல் மாறி, சலூன் நாற்காலியின் கால்படியைத் தொட்டபோது நர்ஸ் கண் விழித்தாள். கன்னத்தில் பலகையின் கோடு பதிந்திருந்தது. எதிரே சபை முழுக்க, ஒருவர் பாக்கியில்லாமல், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி சபையைப் பார்த்தாள்.

"இன்னும் முடியலையா?" என்றாள்.

"எங்க முடிஞ்சுது," என்றார் ஆசிரியை. "ஆசீர்வாதம் பாக்கி இருக்கு. முகத்தைத் தொடச்சுக்கிட்டு நிதானமா வாம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தது, யாரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு போதகரைப் பார்த்து, பேச்சு முடிந்த வியாபாரிகள் ஆட்டுவது போல, ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினாள்.

போதகர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொன்னார். சபை இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஆமென் சொன்னது. கீழே ஷட்டர் அதிர்ந்தது.